பாட்டு இல்லை, ஃபைட் இல்லை... 75 நிமிடத்தில் மனசை உலுக்கும் ‘கூழாங்கல்’: அப்படி என்ன இருக்கு இந்தப் படத்தில்?

ஸ்டார் இல்லை. செட் இல்லை. வசனமே கொஞ்சம்தான். ஆனாலும் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் சர்வதேச திரைப்பட விழாவில் 2021-ல் உயரிய ‘டைகர்’ விருதை வென்றது ‘கூழாங்கல்’. இந்த விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம் இதுதான். அதே ஆண்டு, 94-வது ஆஸ்கர் விருதுக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டதும் இந்தப் படமே.

இவ்வளவு சின்ன பட்ஜெட் படம் எப்படி இவ்வளவு ஆழமாகப் பாய்கிறது? விரிவாகப் பார்க்கலாம். (கதையின் முக்கிய இடங்கள் இதில் வருகின்றன. படம் பார்க்காதவர்கள் கவனிக்க!)

சரி, கதை என்ன?

மதுரை மாவட்டத்தின் வறண்ட கிராமம் ஒன்று. கணபதி குடிகாரன், முன்கோபி. கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவி சாந்தியைக் கூட்டிவரக் கிளம்புகிறான். போகும் வழியில் பள்ளிக்கூடத்தில் இருந்து மகன் வேலுவையும் இழுத்துக்கொள்கிறான். அம்மாவைப் பிடிக்குமா, அப்பாவைப் பிடிக்குமா என்று அவனிடம் கேட்கிறான். பையன் வாயே திறப்பதில்லை.

மாமியார் ஊருக்குப் போனால் அங்கே சாந்தி இல்லை. அவள் ஏற்கெனவே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அங்கே ஒரு பெரிய சண்டை. அதன் பிறகு வேலு ஒரு காரியம் செய்கிறான். திரும்பிப் போக வைத்திருந்த பஸ் காசைக் கிழித்துப் போடுகிறான். இனி நடைதான். கொளுத்தும் வெயிலில் அப்பனும் மகனும் நடந்து வீடு திரும்புவதுதான் படம்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது?

இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜின் குடும்பத்தில் நடந்த சம்பவம்தான் விதை. கணவர் வீட்டில் இருந்து விரட்டப்பட்ட அவரது சகோதரி, கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே தாய்வீடு வந்து சேர்ந்தார். அதே தூரத்தை அந்தக் கணவன் நடக்க வேண்டி வந்தால் எப்படி இருக்கும் என்ற யோசனையில் பிறந்ததே ‘கூழாங்கல்’. இதை வினோத்ராஜே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அதாவது, ஒரு பெண் பட்ட வலியை ஒரு ஆணின் காலுக்கு மாற்றிப் பார்க்கும் படம் இது. அதை எந்தக் கதாபாத்திரமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பார்வையாளர் நடையைப் பார்க்கிறார், வெயிலைப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

வேலு ஏன் அழவில்லை?

இந்தப் படத்தின் உயிரே அந்தச் சிறுவன்தான். அப்பா அடிக்கிறார், திட்டுகிறார். எதிர்த்துப் பேச அவனால் முடியாது. ஆனால் சும்மாவும் இருப்பதில்லை. வழியில் கிடைத்த உடைந்த கண்ணாடித் துண்டால் வெயிலைத் திருப்பி அப்பாவின் முதுகில் அடிக்கிறான். பார்க்க விளையாட்டு போல இருக்கும். ஆனால் கோபத்தை வெளியே காட்ட வழியில்லாத பிள்ளை செய்யக்கூடியது அது மட்டும்தான்.

தாகம் எடுத்தால் ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீடு வந்ததும் அதை ஓரிடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே ஒரு கூழாங்கல் குவியல்! இப்படி எத்தனை முறை நடந்திருப்பான் இவன்? ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் வருஷக்கணக்கான கதையைச் சொல்லிவிடும் ஷாட் அது. தொண்டை அடைத்துப்போவது இங்கேதான்.

குறைந்த வசதியே பலமானது எப்படி?

விக்னேஷ் குமுளை, ஜெய பார்த்திபன் ஒளிப்பதிவில் கேமரா பல இடங்களில் தூரத்திலேயே நிற்கிறது. பரந்த பொட்டலில் இரண்டு புள்ளிகளாக மனிதர்கள். ஷாட்டை வெட்டாமல் நீட்டுவதால், நடையின் அலுப்பு பார்க்கிறவருக்கும் தொற்றிக்கொள்கிறது. இசை யுவன் ஷங்கர் ராஜா. ஆனால் இங்கே அழச்சொல்லி இசை கட்டாயப்படுத்துவதில்லை. காற்றும் காலடிச் சத்தமும்தான் அதிகம் கேட்கிறது.

கணபதியாக நாடகக் கலைஞர் கருத்தடையான், வேலுவாகச் செல்லப்பாண்டி. தெரிந்த நட்சத்திர முகம் இல்லாததால், கணபதி எப்படியும் கடைசியில் திருந்திவிடுவான் என்ற எதிர்பார்ப்பே வருவதில்லை. படமும் அவனைத் திருத்திக் காட்டுவதில்லை. அதே நேரம், அவனை வெறும் வில்லனாக்கியும் தள்ளவில்லை. நடக்க நடக்க அவன் ஆத்திரம் வெயிலில் வற்றிப்போகிறது. வீட்டுக்கு வந்து சேர்வது களைத்துப்போன ஓர் ஆள்.

வழியில் வருகிறவர்கள் யார்?

இவர்கள் இருவர் கதையோடு படம் நிற்பதில்லை. பஸ்ஸில் கணபதி பற்றவைத்த பீடியால் கிளம்பும் சண்டைச் சத்தத்தில், கைக்குழந்தையோடு ஒரு தாய் பாதி வழியில் இறங்கிவிடுகிறார். பொட்டலில் ஒரு குடும்பம் எலி பிடித்துச் சுட்டுச் சாப்பிடுகிறது. கடைசியில் ஊர்ப் பெண்கள் குழிக்குள் ஊறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். ஒரு நாள் நடந்த கணபதியின் கஷ்டத்தைப் பார்த்த கண்ணுக்கு, தினம் தினம் காத்திருக்கும் இந்தப் பெண்களின் பொறுமை வேறு மாதிரி தெரிகிறது. கணபதி தேடிப்போன சாந்தியின் வாழ்க்கையும் இந்தக் குழியைச் சுற்றித்தான்.

எங்கே பார்க்கலாம்?

படம் பெருமளவு முடிந்த நிலையில்தான் நயன்தாரா, விக்னேஷ் சிவனின் ரவுடி பிக்சர்ஸ் தயாரிப்புக்குள் வந்தது. ரோட்டர்டாம் விருதுக்குப் பிறகும் இரண்டரை ஆண்டுக்கு மேல் காத்திருந்து, 2023 அக்டோபர் 27 அன்று நேரடியாக சோனி லைவ் ஓடிடியில் வெளியானது. வினோத்ராஜின் அடுத்த படமான ‘கொட்டுக்காளி’ 2024-ல் தியேட்டருக்கே வந்தது.

‘கூழாங்கல்’ பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை: செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரே மூச்சில் பாருங்கள். முதல் பத்து நிமிடம் மெதுவாகத் தோன்றலாம். அந்த நடைக்குப் பழகிவிட்டால் அந்தக் கல் குவியலைச் சீக்கிரம் மறக்க முடியாது.