ஜெர்மன் வினைச்சொற்களும் நம் வீட்டுத் தமிழும்

டாக்குரியா மேம்பாலத்தைக் கடந்து வடக்கே சென்றால் கோல்பார்க்கில் இராமகிருஷ்ண மிஷன் பண்பாட்டு நிலையத்தைக் காண்கிறோம். அங்கே இந்திய மொழிகளோடு அயல்நாட்டு மொழிகள் பலவும் கற்பிக்கப்படுகின்றன; ஜெர்மனும் அவற்றுள் ஒன்று. 1957-இல் இந்நகரில் தொடங்கப்பெற்ற மாக்ஸ் முல்லர் பவனும் அம்மொழியைக் கற்பித்து வருகிறது. பொறியியல் மேற்படிப்பு, ஆராய்ச்சி, செவிலியர் பணி எனப் பல நோக்கங்களோடு இளைஞர்கள் ஜெர்மனை நாடுகின்றனர். செவிலியராகப் பணிபுரிய விரும்புவோரிடம் பொதுவாக பி2 என்னும் நான்காம் நிலைத் தேர்ச்சி கேட்கப்படுகிறது. எனவே இது பொழுதுபோக்கன்று. பிள்ளைகளின் பிழைப்பைப் பற்றியது.

இம்மொழியை அவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே பயில்கின்றனர். அவ்வழியில் கால் இடறும் இடம் ஒன்று உண்டு. அதுவே ஒலியால் ஒத்த ஆங்கில வினைச்சொற்கள்.

ஆங்கிலத்தில் ‘லை’ என்றால் கிடத்தல். ‘லே’ என்றால் கிடத்துதல். இவ்வளவோடு நின்றால் தொல்லையில்லை. ஆனால் ‘லை’ என்பதன் இறந்தகாலமும் ‘லே’ என்றே வருகிறது. பொய் சொல்லுதலுக்கும் அதே ‘லை’ தான். ‘ஃபால்’ என்றால் விழுதல். அதன் இறந்தகாலம் ‘ஃபெல்’. மரத்தை வெட்டி வீழ்த்துதலுக்கும் ‘ஃபெல்’ என்றே பெயர். ‘ஃபவுண்ட்’ என்பது ‘கண்டான்’ என்றும் பொருள்படும். ‘நிறுவு’ என்றும் பொருள்படும். ஆங்கிலேயரே ‘லை’, ‘லே’ இரண்டையும் மாற்றி வழங்குவது உண்டு எனில், அவற்றை ஊன்றுகோலாகக் கொண்டு வேற்றுமொழிக்குச் செல்லும் மாணவரின் இடர்ப்பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ!

ஜெர்மன் மொழியிலோ இவை தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. கிடத்தலுக்கு ‘லீகன்’, கிடத்துதலுக்கு ‘லேகன்’. பொய் சொல்லுதலுக்கு ‘ல்யூகன்’. விழுதலுக்கு ‘ஃபாலன்’, வீழ்த்துதலுக்கு ‘ஃபெலன்’. காண்பதற்கு ‘ஃபிண்டன்’, நிறுவுவதற்கு முற்றிலும் வேறான ‘க்ரூண்டன்’. இவற்றுள் எதைக் கொள்வது என்று ஆங்கிலச் சொல்லின் ஒலியைக் கேட்டுத் தேர்ந்தால் பிழை நேரும். தமிழ்ப் பொருளை எண்ணித் தேர்ந்தால் பிழை நேராது என்பதே நாம் ஈண்டுச் சொல்ல விழைவது.

எவ்வாறெனில், நம் இலக்கணம் வினைகளைத் தன்வினை என்றும் பிறவினை என்றும் பகுத்துள்ளது. தானே நிகழ்வது தன்வினை. பிறர் நிகழ்த்துவது பிறவினை. வி, பி என்னும் விகுதிகள் சேர்ந்து செய்வி, நடப்பி எனப் பிறவினை உண்டாவதை நன்னூல் கூறுகிறது. அன்றியும், திரும்பு–திருப்பு, உருள்–உருட்டு, ஆடு–ஆட்டு என உள்ளெழுத்து மாறியும் வரும். பழைய ஜெர்மானிய மொழியிலும் இத்தகைய பிறவினை விகுதி ஒன்று இருந்தது. அது முன்னிருந்த உயிரொலியை மாற்றிவிட்டுக் காலப்போக்கில் மறைந்தது. அதனால்தான் ‘ஃபா’ என்பது ‘ஃபெ’ ஆக இன்று காணப்படுகிறது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கிட–கிடத்து: லீகன்–லேகன். அமர்–அமர்த்து: ஸிட்ஸன்–ஸெட்ஸன். நில்–நிறுத்து: ஷ்டேஹன்–ஷ்டெலன். விழு–வீழ்த்து: ஃபாலன்–ஃபெலன். தாழ்–தாழ்த்து: ஸிங்கன்–ஸென்கன். தொங்கு, தொங்கவிடு என்னும் இரண்டுக்கும் மட்டும் ‘ஹெங்கன்’ என்ற ஒரே சொல் வரும். ஆயினும் இறந்தகாலத்தில் அது தொங்கியதற்கு ‘ஹிங்’ என்றும், தொங்கவிட்டதற்கு ‘ஹெங்டே’ என்றும் பிரிந்துவிடும். இக்குறிப்பு ஏனைய இணைகளுக்கும் உதவும். தன்வினை இறந்தகாலத்தில் உயிரொலி மாறும்: லாக், ஸாஸ், ஃபீல். பிறவினையோ ‘டே’ என்னும் ஈற்றை ஏற்கும்: லேக்டே, ஸெட்ஸ்டே, ஃபெல்டே.

இன்னொரு வியப்பும் உண்டு. ‘புட்’ என்னும் ஒரே சொல்லால் ஆங்கிலம் எல்லாவற்றையும் வைத்துவிடுகிறது. ஜெர்மனில் அது செல்லாது. குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினால் லேகன். குப்பியை நிறுத்தி வைத்தால் ஷ்டெலன். சட்டையை ஆணியில் தொங்கவிட்டால் ஹெங்கன். சாவியைத் துளையில் செருகினால் ஷ்டெக்கன். கிடத்து, நிறுத்து, தொங்கவிடு, செருகு என்னும் நம் பாட்டிமார் சொற்கள் அத்தனையும் அங்கே பயன்படுகின்றன அல்லவா?

தமிழால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் கூறவில்லை. புத்தகம் கிடந்தாலும் கிடத்தினாலும் நமக்கு ‘மேசைமேல்’ ஒன்றே. ஜெர்மனிலோ கிடப்பது ‘ஆவுஃப் டேம் டிஷ்’. கிடத்துவது ‘ஆவுஃப் டேன் டிஷ்’. இவ்வேற்றுமையைப் புதிதாகவே பயில வேண்டும். எனினும் கிட, அமர், நில், தொங்கு என்னும் நான்கு இணைகளிலும் ‘டிஷ்’ போன்ற ஆண்பால் ஒருமைப் பெயர்களால் இடத்தைச் சொல்லுமிடத்துத் தன்வினைக்கு ‘டேம்’, பிறவினைக்கு ‘டேன்’ என்று கொண்டால் பொருந்தும். போதல், வருதல் முதலியவற்றுக்கு இவ்விதியை நீட்டலாகாது. அவ்வாறே விலை உயர்வதற்கு ‘ஷ்டைகன்’ என்றும், கையை உயர்த்துவதற்கு ‘ஹேபன்’ என்றும் தொடர்பற்ற சொற்கள் வருவதும் உண்டு. அவற்றை மனனம் செய்வதன்றி வேறு வழியில்லை.

இப்பாதையில் எதிர்த்திசையிலிருந்து நடந்து வந்தவர்களும் உளர். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியராகிய சீகன்பால்கு, சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றார். அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. கார்ல் கிரவுல் என்பார் செய்த திருக்குறள் ஜெர்மன் மொழிபெயர்ப்பு 1856-இல் வெளிவந்தது. அவர்கள் முயன்று அடைந்ததை நம் பிள்ளைகள் தாய்மடியிலேயே பெற்றிருக்கின்றனர்.

பெற்றதைக் காக்கிறோமா என்பதே கேள்வி. வங்காளம் தெருவிலும் ஆங்கிலம் பள்ளியிலும் வழங்க, வீட்டுத் தமிழ் ‘வை’, ‘போடு’, ‘பண்ணு’ என்னும் மூன்று சொற்களுக்குள் சுருங்கி வருவதைப் பல இல்லங்களில் காண்கிறோம். ‘கிடத்து’ என்ற சொல்லைக் கேட்டறியாத பிள்ளைக்கு மேற்சொன்ன உதவி எங்ஙனம் கிட்டும்? நம் தெருவில் வழங்கும் வங்காளமும் ‘போஷா’ என்றால் அமர்தல், ‘போஷானோ’ என்றால் அமர்த்துதல் என இவ்வேறுபாட்டைப் போற்றுகிறது. அதையும் பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டலாம்.

ஆதலின் அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. அயல்மொழிப் படிப்புக்குத் தமிழ் இடையூறு என்று எண்ணி அதை விலக்கிவிடாதீர்கள். பிள்ளைகள் ஜெர்மன் வாக்கியம் எழுத அமரும்போது, “இது தானே நிகழ்ந்ததா, ஒருவர் நிகழ்த்தியதா?” என்று தமிழில் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை தெரிந்தால் சரியான வினைச்சொல்லைத் தேர்வது எளிதாகும்.