பாரம் குறைந்த மின்கலமும் ஓடும் பலகையும்

நான்கு சிறு சக்கரங்கள் பொருத்திய ஒரு மரப்பலகை. அதன்மேல் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறார். கையில் கட்டைவிரலால் உருட்டும் ஒரு சிறு விசை. விரலை முன்னே தள்ளினால் பலகை ஓடுகிறது. பின்னே இழுத்தால் நிற்கிறது. இதுவே மின்சார ஸ்கேட்போர்டு.

அமெரிக்காவின் கலிபோர்னியா கடற்கரையில், அலைகளின்மேல் சறுக்கி விளையாடியவர்கள் அலை இல்லாத நாட்களில் தரையில் சறுக்க விரும்பினார்கள். 1950-களில் அவர்களிடையே பரவிய விளையாட்டே ஸ்கேட்போர்டு. 1970-களில் பாலியூரிதேன் சக்கரங்கள் வந்தபின் ஓட்டம் மென்மையாயிற்று. அதே பத்தாண்டில் பெட்ரோல் என்ஜின் பூட்டிய பலகைகளும் வந்தன. இரைச்சலும் புகையும் அவற்றை வெறுக்கச் செய்தன. 1990-களின் இறுதியில் மின்மோட்டாரும் கம்பியில்லாக் கைவிசையும் கொண்ட பலகைகள் விற்பனைக்கு வந்தன. ஆனால் அவற்றின் வயிற்றில் இருந்தது ஈய மின்கலம். ஓடும்போது பலகை மனிதனைச் சுமந்தது; மின்சாரம் தீர்ந்தால் மனிதன் பலகையைச் சுமந்தான்!

அத்தகைய பழைய பலகையின் மின்கலத்தை எடுத்துவிட்டு, எடை குறைந்த லித்தியம் மின்கலத்தைப் பொருத்துவது இன்று பலர் செய்யும் வேலை. இதில் கிடைக்கும் ஆதாயம் என்ன? மறைந்திருக்கும் ஆபத்து என்ன? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சுமைகூலி முக்கால் பணம்

பழைய பலகை ஒன்றில் 12 வோல்ட், 12 ஆம்பியர்-மணி கொண்ட மூன்று ஈய மின்கல அடுக்குகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். மொத்த மின்னழுத்தம் 36 வோல்ட். இதை 12-ஆல் பெருக்கினால் 432 வாட்-மணி ஆற்றல். ஒவ்வொன்றும் சுமார் 4 கிலோகிராம். மூன்றும் சேர்ந்து 12 கிலோகிராம். அதாவது ஒரு கிலோகிராமுக்கு 36 வாட்-மணி.

இந்த 432 வாட்-மணியும் முழுமையாகக் கிடைப்பதில்லை. ஈய மின்கலத்தின் கொள்ளளவு, 20 மணி நேரம் மெதுவாக மின்சாரம் எடுப்பதாக வைத்துக் குறிக்கப்படுகிறது. ஒரு மணி நேரத்தில் அவசரமாக உறிஞ்சினால் ஏறக்குறைய 60 விழுக்காடுதான் கிடைக்கும். ஆகவே கைக்கு வருவது 260 வாட்-மணியே. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

இப்போது லித்தியம் அயனி மின்கலத்தைப் பாருங்கள். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஓர் உருளை, எடை 47 கிராம், மின்னழுத்தம் 3.6 வோல்ட், கொள்ளளவு 2.5 ஆம்பியர்-மணி. மூன்று மூன்றாகப் பக்க இணைப்பில் சேர்த்து, அத்தகைய பத்துத் தொகுதிகளைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-மணி, அதாவது 270 வாட்-மணி. முப்பது கலங்களின் எடை 1.4 கிலோகிராம். கூடும் காப்புச் சுற்றும் சேர்த்தாலும் 2 கிலோகிராம்தான். பத்துக் கிலோகிராம் குறைந்துவிட்டது!

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? ஈய அணு கனமானது. அதன் அணு எடை 207. மின்கலத்தில் ஓர் ஈய அணு இரண்டு எலெக்ட்ரான்களைக் கொடுக்கிறது. லித்தியத்தின் அணு எடை 7. அது கொடுப்பது ஓர் எலெக்ட்ரான். ஆகவே 103.5 கிராம் ஈயம் செய்யும் வேலையை 7 கிராம் லித்தியம் செய்துவிடுகிறது. மேலும் ஈயக்கலத்தின் மின்னழுத்தம் 2 வோல்ட். லித்தியம் கலத்தினுடையது 3.6 வோல்ட். லித்தியத்தைத் தாங்கிக்கொள்ளக் கரியும் உலோக ஆக்சைடும் தேவைப்படுவதால் ஆதாயத்தின் ஒரு பகுதி குறைகிறது. எஞ்சியதே நமக்குப் போதும்.

எடை குறைந்தால் தூரம் கூடுமா?

எடை குறைந்ததும் பலகை வெகுதூரம் ஓடும் என்று பலர் எண்ணுகிறார்கள். கணக்கு வேறு கதை சொல்கிறது.

ஓட்டுபவர் 60 கிலோகிராம், பழைய பலகை 20 கிலோகிராம், மொத்தம் 80. மாற்றியபின் 70. வேகம் வினாடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர். நல்ல தார்ச்சாலையில் உருளும் சக்கரத்தின் தடை, எடையில் சுமார் 1.5 விழுக்காடு எனக் கொள்வோம். 80 கிலோகிராமுக்கு இது 11.8 நியூட்டன், 70-க்கு 10.3 நியூட்டன். நிற்கும் மனிதன்மேல் மோதும் காற்றின் தடை ஏறக்குறைய 9 நியூட்டன். இதற்கு எடையோடு உறவே இல்லை. ஆகவே சமதரையில் தேவைப்படும் திறன் 104 வாட்டிலிருந்து 97 வாட்டாகக் குறைகிறது. வெறும் 7 விழுக்காடு!

மேட்டில் ஏறும்போதுதான் எடை பேசுகிறது. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில், எடையில் பத்தில் ஒரு பங்கு பின்னோக்கி இழுக்கும். அப்போது பழைய பலகைக்கு 496 வாட் தேவை. புதியதற்கு 440 வாட். மிச்சம் 56 வாட். இதைவிடப் பெரிய ஆதாயம், மாடிப்படியிலும் ரயில் நிலையத்திலும் 20 கிலோகிராமுக்குப் பதில் 10 கிலோகிராமைத் தூக்குவது.

கால் பழகிய கணக்கு மாறும்

மோட்டார் சக்கரத்தில் 160 நியூட்டன் விசையைக் கொடுக்கிறது என்க. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, 80 கிலோகிராமுக்கு முடுக்கம் வினாடிக்கு வினாடி 2 மீட்டர். 70 கிலோகிராமுக்கு அது 2.3 மீட்டர். கைவிசையை அதே அளவு தள்ளினாலும் பலகை இப்போது துள்ளிப் பாயும்.

பலகை முன்னே பாயும்போது காலைப் பலகை இழுத்துக்கொண்டு போகிறது. உடல் பின்னே தங்குகிறது. விழாமலிருக்க உடலை முன்னே சாய்க்க வேண்டும். முடுக்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் வகுத்தால் சாய்வு தெரியும். பழைய பலகைக்கு 11.5 பாகை. புதியதற்கு 13 பாகை. ஏறக்குறைய இரண்டு பாகைதானே என்று அலட்சியம் வேண்டாம். ஆண்டுக்கணக்கில் பழகிய கால் பழைய அளவையே எதிர்பார்க்கும். நிறுத்தும்போது இதற்கு நேர்மாறாக உடலைப் பின்னே சாய்க்க வேண்டும். எனவே மின்கலத்தை மாற்றியவர், எத்தனை அனுபவம் உள்ளவரானாலும், முதல் நாள் வெற்றுத் திடலில் குறைந்த வேகத்தில் புதிதாகப் பழகுவதே அறிவுடைமை. முழங்கால்களை மடக்கி நின்றால் உடலின் ஈர்ப்பு மையம் தாழும், அதிர்ச்சியும் குறையும்.

நடுவழியில் கைவிடும் மின்கலம்

லித்தியம் மின்கல அடுக்கில் ஒரு காப்புச் சுற்று இருக்கும். அளவுக்கு மீறி மின்னோட்டம் சென்றாலோ, கலத்தின் மின்னழுத்தம் மிகத் தாழ்ந்தாலோ, அது இணைப்பைத் துண்டித்துவிடும். கலத்துக்கு இது காப்பு. ஓட்டுபவருக்கு?

மேட்டில் ஏறச் சக்கரத்துக்கு 440 வாட் தேவை என்று கண்டோம். மோட்டாரிலும் பல்சக்கரத்திலும் பத்தில் மூன்று பங்கு வீணாவதாகக் கொண்டால், மின்கலம் 629 வாட் கொடுக்க வேண்டும். 36 வோல்ட்டில் இது 17.5 ஆம்பியர். ஒரு கலம் 5 ஆம்பியர் மட்டுமே தாங்கும் வகையானால், பக்க இணைப்பில் உள்ள மூன்றும் சேர்ந்து தருவது 15 ஆம்பியர். சமதரையில் ஒழுங்காக ஓடிய பலகை, மேட்டின் நடுவே திடீரெனத் திறனை இழக்கும். முன்னே சாய்ந்து நின்றவர் அப்படியே முன்னே விழுவார். எனவே கலம் வாங்கும்போது கொள்ளளவை மட்டும் பார்த்தால் போதாது; இடைவிடாது தரக்கூடிய மின்னோட்டம் எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். 10 ஆம்பியர் தாங்கும் கலமானால் மூன்றும் சேர்ந்து 30 ஆம்பியர், அச்சமில்லை.

இறக்கத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. பல பலகைகளில் மோட்டாரே பிரேக்காகவும் வேலை செய்கிறது. இறங்கும் வேகத்தில் அது மின்னாக்கியாக மாறி, மின்சாரத்தை மின்கலத்துக்கே திருப்பி அனுப்புகிறது. மேற்சொன்ன சரிவில் வேகம் கூடாமல் இறங்கச் சக்கரம் சுமார் 245 வாட்டை விழுங்க வேண்டும். மின்கலம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அது எங்கே போகும்? ஈயக்கலம் மிகை மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பிரித்து வாயுவாக்கிச் சற்று நேரம் சமாளிக்கும். லித்தியம் கலத்தால் அது இயலாது; காப்புச் சுற்று துண்டித்துவிடும். அக்கணமே பிரேக்கும் இல்லை! மலைமேல் வீடு உள்ளவர் மின்கலத்தை முழுதும் நிரப்பாமல் கிளம்புவதே முறை.

பழைய மின்னேற்றியைத் தொடாதீர்கள்

ஈய மின்கலத்துக்கான மின்னேற்றி, 12 வோல்ட் அடுக்கு ஒன்றை 14.7 வோல்ட் வரை உயர்த்தும். மூன்றுக்கு 44.1 வோல்ட். இதைப் பத்து லித்தியம் தொகுதிகளுக்குக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 4.41 வோல்ட். லித்தியம் கலத்தின் எல்லையோ 4.2 வோல்ட். இந்தச் சிறு மீறலே கலத்தினுள் வெப்பத்தைக் கிளப்பி, அந்த வெப்பம் வேதிவினையை விரைவாக்கி, வினை மேலும் வெப்பத்தைப் பெருக்கித் தீயில் முடியலாம். மட்டமான மின்கலங்கள் தீப்பற்றியதால், 2016-இல் அமெரிக்காவில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஹோவர்போர்டுகள் திரும்பப் பெறப்பட்டன.

தீயின் அச்சம் குறைந்த வகையும் உண்டு. அது லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலம். பாஸ்பேட்டில் ஆக்சிஜன் இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் எளிதில் வெளியேறித் தீக்கு உதவுவதில்லை. எடை சற்றுக் கூடுதல். ஆயினும் ஈயத்தைவிடப் பன்மடங்கு இலேசு. இத்தகைய பொருள்களுக்கு வழிகாட்டிய ஆய்வு, 1980-களில் அமெரிக்காவில் ஜான் குட்இனஃபும் தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரமும் செய்தது. 2019-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற குட்இனஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் பரிசுரை நிகழ்த்தியவரும் மந்திரமே.

கலிபோர்னியாவில் 2016 ஜனவரி முதல் மின்பலகைகள் சட்டப்படி சாலைக்கு வந்தன. ஓட்டுபவருக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும், தலைக்கவசம் கட்டாயம், வேகம் மணிக்குச் சுமார் 24 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. இவ்விதிகளின் பின்னால் இருப்பதும் நாம் போட்ட கணக்குத்தான்.

மாணவர்களே, பலகை இல்லாவிட்டாலும் இதைச் சோதிக்கலாம். சிறு சக்கர வண்டி ஒன்றில் 10 கிலோகிராம் பொருளை ஏற்றி, சுருள்வில் தராசால் சீராக இழுத்து, முள் காட்டும் அளவைக் குறியுங்கள். பிறகு 20 கிலோகிராம் ஏற்றி இழுங்கள். அடுத்து, ஒரு பலகையைச் சரிவாக வைத்து அதன்மேல் இழுங்கள். பாரம் எங்கே சும்மா இருக்கிறது, எங்கே பேசுகிறது என்பதைத் தராசே உங்களுக்குச் சொல்லிவிடும்.