கண்ணில் படாத கிராணி

லின்சம், பிராட்வால், சுவா பெத்தோங் என்று நெகிரி செம்பிலானின் ஏதோ ஒரு ரப்பர் தோட்டத்தில் உங்கள் தாத்தா பாட்டி வேலை செய்திருந்தால், அவர்களிடம் 'கிராணி' என்ற சொல்லை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சிலர் சிரிப்பார்கள். சிலர் "அந்த ஆளா!" என்று இழுப்பார்கள். எப்படியும் அடுத்த அரை மணி நேரத்துக்கு உங்களுக்குக் கதை கிடைக்கும்.

கிராணி என்றால் தோட்டத்து அலுவலக எழுத்தர். விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிட்டு செக்ரோலில் வருகையைக் குறிப்பார். மதியம் ஸ்டோரில் ரப்பர் பாலை நிறுத்துக் கணக்கெழுதுவார். துரைக்குக் கடிதம் தட்டச்சு செய்வார். அந்தக் கணக்கை மாதாமாதம் படித்த கம்பெனி பெரும்பாலும் லண்டனில் இருந்தது. அங்கே இருந்தவர்கள் ஒரு ரப்பர் மரத்தைக்கூடக் கண்ணால் பார்க்காமல் லாபம் பார்த்தார்கள். அவர்கள் சார்பில் அவ்வப்போது தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து அறிக்கை அனுப்ப ஒருவர் வருவார். அவருக்கு 'விசிட்டிங் ஏஜென்ட்' என்று பெயர், சுருக்கமாக வி.ஏ.

இன்று அதே வி.ஏ. என்ற இரண்டு எழுத்துக்கு வேறு பொருள் வந்துவிட்டது: விர்ச்சுவல் அசிஸ்டென்ட், அதாவது மெய்நிகர் உதவியாளர். கைப்பேசியில் குரல் கொடுத்தால் பதில் சொல்லும் மென்பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் மனிதர்தான். வீட்டிலிருந்தபடியே, வேறு ஊரிலோ நாட்டிலோ உள்ள ஒருவருக்கு அலுவலக வேலையைச் செய்து கொடுத்துச் சம்பாதிப்பவர்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் ஓர் அக்கா. லண்டனில் ஒரு குழாய் பழுதுபார்ப்பவர். அவர் கை நாள் முழுக்க ஈரம், மின்னஞ்சல் பார்க்க முடியாது. யார் எப்போது கூப்பிட்டார்கள், யாருக்கு எந்த நாளில் போக வேண்டும், யார் பணம் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் ரந்தாவில் இருக்கும் அக்கா பார்த்துக்கொள்கிறார். மாதம் முடிந்தால் பில் அனுப்புகிறார். இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை.

கணினி, இணையம், கொஞ்சம் ஆங்கிலம், அட்டவணை மென்பொருள் இவையெல்லாம் நீங்கள் பள்ளியிலேயே கற்றுவிடலாம். சிக்கல் அங்கே இல்லை. உங்களைப் பார்க்கவே முடியாத ஒருவர் உங்களை நம்பித் தன் தொழிலை ஒப்படைப்பது எப்படி? இதற்கு அறிவியல் நிறையவே பதில் வைத்திருக்கிறது.

முதலில் ஸ்டோருக்குப் போவோம். மரம் வெட்டுபவர் கொண்டுவரும் பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். கூடுதலாக யாராவது தண்ணீர் கலந்தால்? அதைக் கண்டுபிடிக்க மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவி இருந்தது. ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே கெட்டியான பாலில் மிதவை ஆழமாக இறங்கும். தண்ணீர் கலந்த பாலில் மேலே எழும். பசும்பாலைச் சோதிக்கும் கருவிக்கு இது நேர் எதிர். இங்கே கவனிக்க வேண்டியது, தராசின் முள்ளும் மிதவையின் கோடும் யார் கண்ணுக்குத் தெரிந்தன என்பதே. கிராணி மட்டும் பார்த்து, அவரே ஆங்கிலத்தில் எழுதி மூடினால் அந்த ஸ்டோரில் சண்டை ஓயாது. வெட்டியவரும் முள்ளைப் பார்க்க முடிந்தால் கோபத்துக்கு வேலை குறைவு.

மெய்நிகர் உதவியாளரின் தராசு, இரண்டு பேரும் எந்நேரமும் திறந்து பார்க்கக்கூடிய ஓர் அட்டவணை. என்ன வேலை, எப்போது தொடங்கியது, எத்தனை நிமிடம், எங்கே நிற்கிறது. இதை ஒழுங்காக எழுதி வைப்பவரிடம் "இத்தனை மணி நேரமா ஆனது?" என்று யாரும் கேட்பதில்லை. சலிப்பூட்டும் வேலைதான், மறுக்கவில்லை.

இப்போது ஒரு சோதனை. பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் எதுவும் சொல்லாமல், உங்களுக்குப் பிடித்த சினிமாப் பாட்டு ஒன்றின் தாளத்தை மட்டும் மேசையில் விரலால் தட்டுங்கள். என்ன பாட்டு என்று கேளுங்கள். தட்டுவதற்கு முன், அவர் கண்டுபிடிப்பாரா என்று உங்கள் ஊகத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1990இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி இதைத்தான் செய்தார். தட்டியவர்கள், பாதிப் பாட்டுகளையாவது கேட்பவர் கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. காரணம் எளிது. தட்டுபவரின் தலைக்குள் மெட்டும் வரியும் முழுதாக ஓடுகின்றன. கேட்பவர் காதில் விழுவது டொக் டொக் மட்டும்.

வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் நாம் செய்வது இதே வேலை. 2005இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்ளி முதலிய உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாணவர்கள் சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நிஜமாகவும் தங்கள் இணைக்கு அனுப்ப வேண்டும். எது கிண்டல், எது நிஜம் என்று எதிரில் இருப்பவர் சொல்ல வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பியவர்கள் 78 விழுக்காடு சரியாகப் புரியும் என்று எதிர்பார்த்தார்கள். புரிந்தது 56 விழுக்காடு. காசைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலே 50 வந்துவிடும்! அதே வாக்கியங்களைக் குரலில் சொன்னபோது 73 விழுக்காடு புரிந்தது.

ஆகவே ரந்தாவ் அக்கா வாடிக்கையாளருக்கு "சரி, பார்க்கிறேன்" என்று எழுதினால், அவர் தலைக்குள் அது பணிவான குரல். லண்டனில் படிப்பவருக்கு அது அலட்சியமாகக் கேட்கலாம். மாறாக இப்படி எழுதினால்: "48 பாக்கிப் பில்களின் பட்டியல் வேண்டும் என்று புரிந்துகொண்டேன். முதல் 10ஐ இன்று அனுப்புகிறேன், வடிவம் சரியா என்று மட்டும் பாருங்கள். மீதி உங்கள் நேரப்படி வியாழன் காலை 9 மணிக்குள் வரும்." இதில் குரலை ஊகிக்க எதுவுமே இல்லை. நீங்கள் கேட்டதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன் என்று திருப்பிச் சொல்வதுதான் இதில் முக்கியமான பகுதி. தவறாகப் புரிந்திருந்தால் 10 பில்லோடு போகும், 48ஐயும் திரும்பச் செய்ய வேண்டாம்.

அப்படியானால் எல்லாவற்றையும் காணொளி அழைப்பில் பேசிவிடலாமே என்று தோன்றும். பேசலாம், ஆனால் அங்கே இயற்பியல் குறுக்கே நிற்கிறது. உலகின் 10 மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒருவர் பேசி முடித்து மற்றவர் பதில் தொடங்க எடுக்கும் இடைவெளி சராசரியாக 0.2 வினாடி என்கிறது. கண் சிமிட்டும் நேரம். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் போகும். சிரம்பானிலிருந்து லண்டன் நேர்க்கோட்டில் சுமார் 10,500 கிலோமீட்டர் என்றால் ஒரு வழிக்கே 0.05 வினாடி. கேபிள் நேராகப் போவதில்லை. வழியில் கருவிகள் வேறு. போய் வர 0.2 வினாடி எளிதாகக் கரைந்துவிடும். தோட்டத்துக்குள் சிக்னல் மோசமாக இருந்தால் இன்னும் கூடும். விளைவு, இருவரும் ஒரே நேரத்தில் பேச்சைத் தொடங்கி, இருவரும் "நீங்க சொல்லுங்க" என்பார்கள். ஜெர்மனியில் 2014இல் வெளியான ஓர் ஆய்வில், தாமதம் ஒரு வினாடியைத் தாண்டியபோது மக்கள் இணையத்தைக் குறை சொல்லவில்லை. எதிரில் பேசுபவர் கவனமில்லாதவர், நட்பு குறைந்தவர் என்று மதிப்பிட்டார்கள்! எனவே அழைப்பின் தொடக்கத்திலேயே "என் பக்கம் இணைப்பு மெதுவாக இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு சுவையான செய்தி. 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கேபிள் போடப்பட்டது. அந்தக் கம்பிக்குள் கடல்நீர் புகாமல் காத்த உறை கெட்டா பெர்ச்சா. அது இந்தத் தீபகற்பத்துக் காடுகளிலும் வளர்ந்த மரத்தின் பால். ரப்பர் இங்கே வேரூன்றுமுன்பே நம் பக்கத்து மரப்பால் ஒன்று உலகத்தைக் கம்பியால் கட்டிவிட்டது. அதற்காக அந்த மரங்களை வெட்டித் தள்ளியது வேறு கதை.

அடுத்தது கடிகாரம். நீங்கள் பிறப்பதற்கு வெகு முன்னால், 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் நேராக 12.00க்குத் தாவின. அதுவரை இங்கே நேரம் கிரீன்விச்சைவிட ஏழரை மணி முன்னால். சபா, சரவாக்கோடு ஒன்றாக்க அது 8 மணி நேரமானது. சூரியனுக்கு இது தெரியாது. சிரம்பான் நிற்கும் தீர்க்கரேகைப்படி உச்சிவேளை சராசரியாக மதியம் 1.12க்குத்தான் வருகிறது. விடியுமுன் வேலைக்கு இறங்கும் மரம் வெட்டுபவர் பார்ப்பதும் சூரியனைத்தான். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்க இழக்க, பால் குழாய்களின் அழுத்தம் குறைந்து பால் வடிவதும் குறைந்துவிடும்.

மெய்நிகர் உதவியாளருக்கு அந்தச் சூரியன் வேறு நாட்டில் உதிக்கிறது. லண்டனில் காலை 9 என்றால் இங்கே குளிர்காலத்தில் மாலை 5, அங்கே கோடைக்காலத்தில் மாலை 4. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், நாம் மாற்றுவதில்லை. மார்ச் மாற்றத்துக்கு அடுத்த திங்கட்கிழமை ஒரு மணி நேரம் பிந்தி வந்து வாடிக்கையாளரை இழக்க வாய்ப்பு உண்டு. வித்தியாசத்தை இலாபமாக்கவும் வழி உண்டு: அவர் தூங்கும்போது நீங்கள் வேலை செய்கிறீர்கள், அவர் எழும்போது வேலை முடிந்திருக்கிறது. ஆனால் நியூயார்க் வாடிக்கையாளருக்கு 12, 13 மணி நேர வித்தியாசம். அவர் பகலெல்லாம் உங்களை அழைப்பில் வைத்திருக்க நினைத்தால் உங்கள் இரவு போய்விடும். எந்த இரண்டு மணி நேரம் பேசக் கிடைப்பேன் என்று முதல் நாளே எழுத்தில் சொல்லிவிடுவது மரியாதைக் குறைவு அல்ல.

"எப்போது முடியும்?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? கனடாவில் 1994இல் வெளியான ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்களிடம் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். சராசரி பதில் 34 நாள். ஆனது 55 நாளுக்கு மேல். நாம் எல்லாருமே இப்படித்தான். தடை எதுவும் வராது என்ற கணக்கில் நாள் சொல்கிறோம். போன தடவை இதே மாதிரி வேலைக்கு எவ்வளவு ஆனது என்று பழைய அட்டவணையைப் பார்த்துச் சொன்னால் பிழை குறையும். அது முடியவில்லையா, மனதில் தோன்றிய நாளோடு பாதியைக் கூட்டிச் சொல்லுங்கள். பிந்தப் போவது தெரிந்தவுடன், கெடு வருவதற்கு முன்பே, சொல்லிவிடுங்கள். கெடு தாண்டிய பிறகு சொல்லும் உண்மைக் காரணம்கூடச் சாக்காகவே கேட்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இந்த வேலை மிஞ்சுமா என்று கேட்பீர்கள். வெறும் தட்டச்சும் தரவு நுழைப்பும் குறையும் என்றே நான் நினைக்கிறேன். பாக்கி வைத்த வாடிக்கையாளரிடம் எந்த வாரம் கேட்கலாம், எந்த வாரம் கேட்கக்கூடாது என்று தெரிந்தவருக்கு வேலை இருக்கும்.

இந்தத் துறையில் ஏமாற்றும் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. வேலை தர முன்பணம் கேட்பவர் வேலை தருபவர் அல்ல. "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் பயன்படுத்திக்கொள்கிறேன், கமிஷன் தருகிறேன்" என்றால் அது மோசடிப் பணத்தைக் கடத்தும் வழி. கணக்கைக் கொடுத்தவரையும் சட்டம் பிடிக்கும். பணம் பறிபோனால் உடனே 997 என்ற எண்ணுக்கு அழைக்க வீட்டில் சொல்லுங்கள். மறுபக்கம், வாடிக்கையாளரின் கடவுச்சொல்லும் அவருடைய வாடிக்கையாளர்களின் முகவரிகளும் உங்கள் கையில் இருக்கும். மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒரு திரைப்படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவதுபோல் இந்தத் தகவல்களை அனுப்ப முடியாது.

தொழிலாகப் பதிவு செய்ய 18 வயது ஆக வேண்டும். சுயதொழில் செய்பவருக்குச் சேமநிதியும் சொக்சோவும் தானாக வராது, தாமாகச் சேர வேண்டும். அதற்கெல்லாம் நேரம் இருக்கிறது. இப்போதைக்குப் பள்ளிக் கழகத்தின் செயலாளர் வேலை கிடைத்தால் தட்டிக் கழிக்காதீர்கள். கோயில் திருவிழாக் கணக்கோ மாமாவின் உணவுக் கடை ஆர்டரோ ஒரு மாதம் அட்டவணையில் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் இணையம் சரியில்லை என்றால் பக்கத்தில் நாடி மையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கே கணினியும் பயிற்சியும் உண்டு.

இந்த வாரத்துக்கு ஒரு வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை வீட்டுப்பாடத்தைத் தொடங்குமுன் எத்தனை நிமிடம் ஆகும் என்று எழுதுங்கள். முடித்ததும் எத்தனை நிமிடம் ஆனது என்று பக்கத்தில் எழுதுங்கள். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுங்கள். ஐந்து நாளின் சராசரி 1.6 வந்தால், நீங்கள் அந்தக் கனடா மாணவர்களுக்குச் சரிநிகர். உங்கள் எண்ணைத் தாத்தாவிடமும் காட்டுங்கள். செக்ரோல் பார்த்த கண் அவருக்கு.