தலை சுற்றினால் கண்ணைப் பார்க்கிறார்கள்!

"ராத்திரி வலது பக்கம் திரும்பிப் படுத்தேன், விட்டமெல்லாம் சுழன்றது!"

"பரணிலிருந்து டப்பா எடுக்க அண்ணாந்தேன், விழப் பார்த்தேன்!"

நம் வீடுகளில் இந்தப் பேச்சு காதில் விழாத மாதமே கிடையாது. பதிலும் உடனே தயார். "பித்தம், வேறென்ன! இஞ்சியைத் தட்டிச் சாறு குடி" என்பார் மாமியார். "பி.பி.யாக இருக்கும்" என்பார் கணவர். எதிர் வீட்டு அக்காவோ, தான் சாப்பிட்ட மாத்திரை அட்டையையே கொண்டுவந்து நீட்டுவார்.

மாத்திரை போட்டால் கொஞ்சம் அடங்கும்தான். அடங்குகிறதே என்று மாசக்கணக்கில் அதையே விழுங்குகிறவர்கள் எத்தனை பேர்! இதில் வருத்தம் என்னவென்றால், மிகச் சாதாரணமாக வரும் ஒரு வகைத் தலைசுற்றலுக்கு மாத்திரை மருந்தே அல்ல. விஷயம் தெரிந்தவர் தலையைப் பிடித்து நாலு தரம் முறையாகத் திருப்பினால், பெரும்பாலும் ஒன்றிரண்டு தடவையிலேயே சரியாகிவிடக் கூடியது அது. அந்த 'விஷயம் தெரிந்தவர்' ஒரு பிஸியோதெரபிஸ்டாக இருக்கலாம். "முழங்கால் வலிக்கும் பக்கவாதத்துக்கும்தானே அவர்களிடம் போவோம்?" என்று கேட்கிறீர்களா? தலைசுற்றலுக்கென்றே தனிப் பயிற்சி எடுத்தவர்களைத்தான் சொல்கிறேன்.

காதுக்குள்ளே, கேட்கும் கருவிக்குப் பக்கத்திலேயே, நம்மை விழாமல் நிறுத்தும் கருவியும் இருக்கிறது. திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள். அவற்றின் அடியில், பசை போன்ற ஒரு பரப்பின் மேல் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புத் துகள்கள். கோலமாவைவிட நைசானவை! வயது ஏறுவதாலோ, தலையில் அடிபட்டோ, சிலருக்குக் காரணமே தெரியாமலோ துகள்கள் கழன்று ஒரு குழலுக்குள் போய்விடும். அப்புறம் என்ன? படுக்கையில் புரண்டால் துகள் உருளும், திரவமும் கூடவே நகரும், 'நீ சுற்றுகிறாய்' என்று மூளைக்குப் பொய்ச் சேதி போகும். அசையாமல் இருந்தால் ஒரு நிமிஷத்துக்குள் அடங்கிவிடும். டாக்டர்கள் இதைச் சுருக்கமாக பி.பி.பி.வி. என்பார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, அதிகம்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனையை 1952-ல் லண்டனில் விளக்கமாக எழுதி வைத்தவர்கள் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் என்ற இரு டாக்டர்கள். மார்கரெட் அம்மையார் அறுவை சிகிச்சைக்குப் படித்தவர். இரண்டாம் உலகப் போரின்போது விமானத் தாக்குதலில் முகத்திலும் கண்ணிலும் காயம்பட்டு, அதைக் கைவிட்டு இந்தத் துறைக்கு வந்தார். கண்ணில் காயம்பட்டவர், பிறர் கண்ணைப் பார்த்து நோயைச் சொல்லும் முறையைத் தந்திருக்கிறார், பாருங்களேன்!

ஆமாம், சோதனையே கண்ணில்தான். நோயாளியைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் பாதி திருப்பி, சட்டென்று படுக்கவைத்துத் தலையைச் சற்றே கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுவார்கள். சில விநாடி ஒன்றும் இருக்காது. பிறகு கருவிழி சுழன்று சுழன்று துடிக்கும். அந்தத் துடிப்பு எந்தத் திசையில், எவ்வளவு நேரம் என்பதை வைத்தே எந்தக் காது, எந்தக் குழல் என்று சொல்லிவிடலாம். பின்பு தலையைப் படிப்படியாக மறுபக்கம் திருப்பி, உடம்பையும் ஒருக்களித்து, கடைசியில் உட்காரவைத்தால், துகள் குழலை விட்டு வெளியே வந்து தொந்தரவில்லாத இடத்தில் விழுந்துவிடும். இந்த முறையைச் சொன்னவர் அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரத்துக் காது டாக்டர் ஜான் எப்லி. 1980-ல் அவர் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1992-ல் அவருடைய கட்டுரை அச்சேறிய பிறகுதான் மெல்ல மெல்லப் பரவியது.

ஒரு கட்டிலும் இரண்டு கையும் போதுமென்றால் பயிற்சி எதற்கு? அங்கேதான் விஷயம் இருக்கிறது. இடது காதுக் கோளாறுக்கு வலது பக்கம் செய்தால் பலன் இல்லை. படுக்கைவாட்டக் குழலில் துகள் இருந்தால் முறையே வேறு. தணலில் கம்பியில் கோத்துச் சுட்டு எடுப்பது போல ஆளையே முழுச் சுற்றாக உருட்ட வேண்டும்! கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவருக்கு அதற்கேற்ற மாற்றம் வேண்டும். அதனால்தான் பயிற்சியில் பாதி நேரம் கண்துடிப்புப் படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதிலேயே போகிறது. பார்வையை மறைக்கும் தடித்த கண்ணாடி போட்டு ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துப் பழகுகிறார்கள். அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகப் பயிற்சியில் எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் உண்டு. இத்துறைக்கென்று 1994-ல் பெரிய பாடப்புத்தகத்தைத் தொகுத்த சூசன் ஹெர்ட்மனும் ஒரு பெண் பிஸியோதெரபிஸ்ட்தான்.

கண்ணுக்கு முன்னால் காது கொடுத்துக் கேட்கவும் பழக்குகிறார்கள்.

"அம்மா, சுத்துறது எவ்வளவு நேரம் இருக்கும்?"

"ரொம்ப நேரம் தம்பி, நாளெல்லாம் இருக்கு."

"நாளெல்லாம் சுத்துதா, இல்லே சுத்தி முடிச்சப்புறம் ஒரு மாதிரியா இருக்கா?"

"சுத்துறது என்னவோ கொஞ்ச நேரம்தான். அப்புறம் அதே பயமா இருக்கு."

இந்த ஒரு பதிலில் நோயே திசை மாறிவிடுகிறது! மணிக்கணக்கில் சுற்றி, காதில் இரைச்சலும் கேட்கும் திறன் குறைவும் இருந்தால் அது வேறு. வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் சுற்றினால் ஒற்றைத் தலைவலியின் உறவாக இருக்கலாம். குழந்தை பெற்ற இளம் தாய், உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால், முதலில் ரத்தசோகை இருக்கிறதா என்று டாக்டரிடம் பார்க்க வேண்டும். அதைத் தலையைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது.

இன்னொரு கூட்டமும் உண்டு. வைரஸ் தாக்கி ஒரு பக்கக் காதின் சமநிலை நரம்பு பழுதானவர்கள். நாலு நாள் உலகமே சுற்றும். பிறகு சுற்றல் போய்த் தள்ளாட்டம் நிற்கும். கைக்குழந்தையோடு மாடிப்படி இறங்கவே நடுங்குவார்கள். இவர்களுக்குத்தான் பயிற்சி பெற்றவரின் உழைப்பு அதிகம் தேவை. சுவரில் ஓர் எழுத்தை ஒட்டி, பார்வை அதிலேயே இருக்கத் தலையை இடம் வலம் ஆட்டச் சொல்வார். மெத்தென்ற ஸ்பாஞ்சு மேல் நிற்கவைப்பார். திரும்பிப் பார்த்துக்கொண்டே நடக்கவைப்பார். முதல் வாரம் சுற்றல் கூடியது போல இருக்கும், பயந்து விட்டுவிடக் கூடாது. 1940-களிலேயே இங்கிலாந்தில் காதார்ன், குக்ஸி என்ற டாக்டர்கள், படுத்தே கிடப்பவர்களைவிட எழுந்து நடமாடுகிறவர்கள் சீக்கிரம் தேறுவதைக் கவனித்து இத்தகைய பயிற்சிகளை வகுத்தார்கள். தூக்கம் தரும் தலைசுற்றல் மாத்திரையை மாசக்கணக்கில் தொடர்ந்தால் மூளை சுதாரித்துக்கொள்வது தாமதமாகும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரையே கேளுங்கள்.

தொடக்கூடாதது எது என்பதும் பாடத்தில் உண்டு. அதை நாமும் தெரிந்துகொள்ள வேண்டும். சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, முகம் கோணல், கை கால் பலவீனம், பிடிக்காமல் நிற்கவே முடியாத நிலை, இதுவரை வராத கடும் தலைவலி, திடீரென்று காது கேளாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் இஞ்சிச் சாறும் வேண்டாம், பிஸியோதெரபியும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மூளைப் பக்கவாதம் வெறும் தலைசுற்றலாகவும் வரும். முதல் ஓரிரு நாளில் ஸ்கேனில்கூடச் சில சமயம் தெரியாது.

நம் ஊரிலும் காது-மூக்கு-தொண்டை டாக்டர்களோடு சேர்ந்து இந்தப் பயிற்சி பெற்றவர்கள் வேலை செய்கிறார்கள். ஆனால் பிஸியோதெரபி பட்டப்படிப்பில் இது ஒரு சின்னப் பகுதிதான். ஆகவே போர்டை மட்டும் பார்த்துப் போகாமல், "தலைசுற்றலுக்கு, 'வெஸ்டிபுலர்' சிகிச்சைக்கு, தனியாகப் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. செல்போன் படத்தைப் பார்த்து வீட்டுக்காரரை விட்டுத் தலையைத் திருப்பச் சொல்வது மட்டும் வேண்டாம். எந்தக் காது என்று யாருக்குத் தெரியும்?

போவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது ஆரம்பித்தது, எந்தப் பக்கம் புரண்டால் வருகிறது, எத்தனை விநாடி, என்னென்ன மாத்திரை. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், சோதனையில் குமட்டும். கொண்டையை உயர்த்திப் போட்டால் தலையைக் கட்டிலில் சாய்க்க முடியாது, தளரப் பின்னிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது ஸ்கூட்டர் ஓட்டவேண்டாம், துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.