கம்ப்யூட்டருக்கு மூளை மாற்றலாமா?

மனிதனுக்குச் சிறுநீரகத்தை மாற்றுகிறார்கள். இதயத்தையே மாற்றுகிறார்கள். மூளையை மட்டும் மாற்ற முடியவில்லை!

கம்ப்யூட்டருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பழைய மூளையை எடுத்துவிட்டு, வேறு மூளையை வைத்துவிடலாம். ஒரு திருப்புளியும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

இந்த மூளைக்குப் பெயர் பிராசசர். தீப்பெட்டியைவிடச் சிறிய சதுரத் தகடு. கணக்கு, கடிதம், படம், பாட்டு எல்லாமே இதன் வழியாகத்தான் நடக்கின்றன.

ஆபீசில் இருந்து வீட்டுக்கு

கம்பெனிகள் சில ஆண்டுகள் ஓட்டிய கம்ப்யூட்டர்களைக் கழித்துவிடுகின்றன. அவை சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் குறைந்த விலைக்கு வருகின்றன. பிள்ளைகளின் படிப்புக்காகப் பல குடும்பங்கள் இவற்றை வாங்குகின்றன.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தொல்லை. பொத்தானை அழுத்திவிட்டுக் காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். அப்போதும் திறந்திருக்காது! "உள்ளே இருப்பது ஐ3. அதை எடுத்துவிட்டு ஐ7 போடுங்கள். பறக்கும்!" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

உண்மையிலேயே பறக்குமா?

குற்றவாளி யார்?

முதலில், வேகத்தைக் கெடுப்பது யார் என்று பார்க்க வேண்டும். இதற்குக் காசு செலவில்லை. விண்டோஸ் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். சி.பி.யு., மெமரி, டிஸ்க் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீதம் வேலை என்று அதில் தெரியும்.

சி.பி.யு. என்பதுதான் மூளை. அது எப்போதும் 100 சதவீதத்தைத் தொட்டு நின்றால், மூளைக்குச் சக்தி போதவில்லை. சி.பி.யு. சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100-ல் நின்றால் மூளையைக் குறை சொல்லக் கூடாது. பழைய ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுழல வேண்டும். முள் ஓடி ஓடித் தேட வேண்டும். அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போட்டால், சுழலவும் வேண்டாம், தேடவும் வேண்டாம். பல வீடுகளில் கோளாறு இதுதான். இது தெரியாமல் ஐ7 வாங்கியவர் பாவம்!

எந்தத் தலைக்கு எந்த மூளை?

டெல் நிறுவனம் 2013-ல் கொண்டு வந்த ஆப்டிபிளெக்ஸ் 9020-ஐ எடுத்துக்கொள்வோம். இதை ஐ3, ஐ5, ஐ7 என்று மூன்று விதமாகவும் விற்றார்கள். ஆகவே ஐ3 இருக்கும் இடத்தில் ஐ7 வைத்தால் ஏற்றுக்கொள்ளும். ஐ3-4130 பிராசசருக்குள் 2 மூளைகள் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஐ7-4770-ல் 4 இருக்கின்றன. வீடியோ வெட்டி ஒட்டுகிறவருக்கு இது பெரிய லாபம். கடிதம் அடிக்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது.

எண்ணைக் கவனியுங்கள். 4130, 4770 இரண்டும் 4-ல் தொடங்குகின்றன. நான்காம் தலைமுறை என்று அர்த்தம். இவை 1150 முனைகள் கொண்ட சாக்கெட்டில் உட்காரும். மூன்றாம் தலைமுறைக்கு 1155 முனைகள். ஐந்துதானே வித்தியாசம் என்று அழுத்தினால் உட்காராது!

இதைவிடப் பொல்லாத ஏமாற்றம் ஒன்று உண்டு. ஆறாம் தலைமுறைக்கும் 1151 முனைகள். 2017-ல் வந்த எட்டாம் தலைமுறைக்கும் 1151 முனைகள். ஆறாம் தலைமுறைக்கான போர்டில் எட்டாம் தலைமுறை பிராசசர் அழகாக உட்காரும். ஆனால் வேலை செய்யாது!

ஏ.எம்.டி. பிராசசரிலும் ஒரு பூட்டு உண்டு. சில கம்பெனிக் கம்ப்யூட்டர்களில் இருந்து கழற்றியதை வேறு கம்பெனிப் போர்டில் வைத்தால் உயிர் வராது. பழையது வாங்குகிறவர்கள் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும்.

வெப்பத்தையும் மறக்கக் கூடாது. ஐ3-4130-க்கு 54 வாட். ஐ7-4770-க்கு 84 வாட். பழைய குண்டு பல்பு 60 வாட்தான். எரியும்போது தொட முடியுமா? ஆகவே மின்விசிறியில் தூசி இருக்கக் கூடாது.

இன்னொரு விஷயம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் பிராசசர் என்றால், பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது மைக்ரோசாப்ட். 9020-ல் எவ்வளவு பெரிய ஐ7 போட்டாலும் அது நான்காம் தலைமுறைதான். விண்டோஸ் 11-க்காக மூளை மாற்றுகிறவர், அந்தப் பணத்தை அடுத்த கம்ப்யூட்டருக்குச் சேர்த்து வைக்கலாம்.

ஆபரேஷன்!

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால், முதல் வேலை பயாஸைப் புதுப்பிப்பது. பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிக்கும் சின்ன புரோகிராம் அது. புது பிராசசரை அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும். கழற்றிய பிறகு நினைத்துப் பயன் இல்லை.

பிறகு மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பை ஒரு முறை தொட வேண்டும். உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் இறங்கிவிடும். மின்விசிறியோடு சேர்ந்த ஹீட் சிங்க்கைக் கழற்றி, சாக்கெட்டின் நெம்புகோலைத் தூக்கினால் பிராசசர் கைக்கு வரும். கீழே தலைமுடி போன்ற முட்கள் தெரியும். விரல் பட்டு ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு என்றே வைத்துக்கொள்ளலாம்! குழந்தைகளை இந்த நேரத்தில் வேறு அறைக்கு அனுப்புவது நல்லது.

புது பிராசசரின் மூலையில் சின்ன முக்கோணம் இருக்கும். அதைச் சாக்கெட்டில் உள்ள முக்கோணத்துக்கு நேராக வைத்தால், தானே உட்காரும். அழுத்தவே கூடாது. நெம்புகோலை இறக்கிவிட்டு, மேலே பட்டாணி அளவு பேஸ்ட் வைக்க வேண்டும். ஹீட் சிங்க்கில் ஒட்டியிருக்கும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும். மின்விசிறியின் வயரைச் செருக மறந்துவிட்டு, "சூடாகிறதே!" என்று கடைக்கு ஓடுகிறவர்களும் உண்டு.

கழற்றிய ஐ3-ஐ எறிந்துவிட வேண்டாம். திரையில் படம் வராவிட்டால், அதைத் திரும்ப வைத்துப் பார்க்க வேண்டும். பழையதில் ஓடினால், போர்டு பிழைத்திருக்கிறது. கடைக்காரரிடம் புதியதை மாற்றித் தரச் சொல்லலாம்.