தலையில் அடி: இரண்டாம் வருகையின் கணக்கு

2010 ஜூலை முதல் 2014 ஜூன் வரையிலான நான்கு ஆண்டுகளில், பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் வலையமைப்பில் மூளையதிர்ச்சி என்று கண்டறியப்பட்டவர்கள் 8,083 பேர். அனைவரும் 17 வயது வரை உள்ளவர்கள். இவர்களில் 6,624 பேர், அதாவது 81.9 சதவீதம், முதலில் சென்றது ஆரம்பநிலை மருத்துவரிடம். அவசரப் பிரிவுக்குச் சென்றவர்கள் 11.7 சதவீதம், சிறப்பு மருத்துவரிடம் சென்றவர்கள் 5.2 சதவீதம். ஒரே வலையமைப்பின் கணக்கு என்பதால் இதை நாடு முழுவதற்கும் அப்படியே விரிக்க முடியாது. ஆனாலும் தலையில் அடிபட்ட பிள்ளையை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் நரம்பியல் நிபுணர் அல்லர் என்பது தெளிவு. குடும்ப மருத்துவரின் அறை பூட்டியிருக்கும் மாலைகளிலும் வார இறுதிகளிலும் முன்பதிவின்றிச் செல்லக்கூடிய இடம் அர்ஜென்ட் கேர் கிளினிக். அமெரிக்காவில் இவை 10,000க்கும் மேல். இத்தகைய கிளினிக் ஒன்று மூளையதிர்ச்சிக்கென முறையான திட்டம் தொடங்கினால் என்ன செலவாகும்?

முதல் கேள்வி சி.டி. ஸ்கேன். 2009இல் லான்செட்டில் வெளியான பெகார்ன் ஆய்வு, 25 அவசரப் பிரிவுகளில் 42,412 குழந்தைகளைப் பதிவு செய்தது. 14,969 பேருக்கு, அதாவது 35.3 சதவீதத்தினருக்கு, சி.டி. எடுக்கப்பட்டது. சிகிச்சைக்குரிய முக்கிய மூளைக்காயம் இருந்தது 376 பேருக்கு: 0.9 சதவீதம். மூளை அறுவை தேவைப்பட்டது 60 பேருக்கு: 0.1 சதவீதம். ஒரு முக்கியக் காயத்துக்குச் சுமார் 40 ஸ்கேன் என்ற விகிதம் இது. தலை ஸ்கேன் ஒன்றின் கதிர்வீச்சு சுமார் 2 மில்லிசீவர்ட். இதே ஆய்வு வகுத்த விதியில் ஆபத்துக் குறி எதுவும் இல்லாதவர்களுக்கு, 2 வயதும் அதற்கு மேலும் உள்ள குழந்தைகளில், முக்கியக் காயம் இல்லை என்ற முடிவு சரிபார்ப்பின்போது 3,800 பேரில் 3,798 பேருக்குச் சரியாக அமைந்தது. ஸ்கேன் கருவி இல்லாத கிளினிக்குக்கு இந்த விதியே முதல் கருவி.

பெரியவர்களுக்குக் கனடாவின் சி.டி. தலை விதி உண்டு. 2001இல் 10 மருத்துவமனைகளின் 3,121 நோயாளிகளைக் கொண்டு அது உருவானது. நினைவுநிலையை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலில் 13 முதல் 15 வரை பெற்ற இவர்களில் 8 சதவீதத்தினருக்கு முக்கிய மூளைக்காயம் இருந்தது; நரம்பு அறுவைத் தலையீடு தேவைப்பட்டது 1 சதவீதத்தினருக்கு. இரண்டு முறை அல்லது அதற்கு மேல் வாந்தி, 65 வயதோ அதற்கு மேலோ என்பன போன்ற 5 உயர் ஆபத்துக் குறிகளை மட்டும் பார்த்தால் 32 சதவீதத்தினரை ஸ்கேனுக்கு அனுப்பினால் போதும். விதியின் மீதி 2 குறிகளையும் சேர்த்து 7ஐயும் பார்த்தால் அது 54 சதவீதம்.

ஸ்கேன் தேவைப்படாதவர்களுக்குச் செய்யவேண்டிய சோதனைகளின் விலை பெரும்பாலும் நிமிடங்களில்தான். மூளையதிர்ச்சியை மதிப்பிடும் ஸ்கேட்-6 படிவத்துக்குக் குறைந்தது 10 முதல் 15 நிமிடம். அதில் 22 அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை மதிப்பெண், உச்சம் 132. கண்ணசைவையும் உட்செவிச் சமநிலையையும் சோதிக்கும் வாம்ஸ் முறைக்கு 5 முதல் 10 நிமிடம். அதற்கு முக்கியமாக வேண்டியவை ஓர் அளவு நாடாவும், நிமிடத்துக்கு 180 தட்டு தரும் மெட்ரோனோமும். இரண்டும் சேர்ந்து ஒரு நோயாளிக்கு 15 முதல் 25 நிமிடம்.

அடுத்தது ஓய்வு. இருட்டறையில் பல நாள் படுக்கச் சொல்லும் பழைய அறிவுரையை எண்கள் தாங்கவில்லை. ஆம்ஸ்டர்டாமில் 2022இல் கூடி 2023இல் வெளியான சர்வதேச ஒருமித்த அறிக்கை, 24 முதல் 48 மணி நேர மிதமான ஓய்வும், பிறகு இலேசான உடற்பயிற்சியும் போதும் என்கிறது. 2019இல் பஃபலோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் 103 வளரிளம் வயதினரிடம் நடந்த சோதனையில், அறிகுறி கூடாத அளவில் தினமும் 20 நிமிடம் பயிற்சி செய்தவர்கள் குணமடைய இடைநிலை 13 நாள் ஆனது. உடலை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது 17 நாள். நான்கு நாள் வித்தியாசம் பள்ளி நாட்களில் கிட்டத்தட்ட ஒரு வாரம்.

இந்த அறிவுரை நோயாளியை அடைகிறதா? 2018இல் வெளியான டிராக்-டிபிஐ ஆய்வு, அமெரிக்காவின் 11 பெரிய விபத்துச் சிகிச்சை மையங்களில் இலேசான மூளைக்காயத்துக்குச் சிகிச்சை பெற்ற 831 பேரைக் கேட்டது. வீடு திரும்பும்போது காயம் பற்றிய விளக்கத்தாள் பெற்றதாகச் சொன்னவர்கள் 353 பேர்: 42 சதவீதம். மூன்று மாதங்களுக்குள் மருத்துவரையோ வேறு மருத்துவப் பணியாளரையோ பார்த்தவர்கள் 367 பேர்: 44 சதவீதம். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கடும் அல்லது நடுத்தர அறிகுறிகள் நீடித்த 279 பேரிலும் 145 பேர்தான், அதாவது 52 சதவீதம், மறுபடி பார்க்கப்பட்டார்கள். பெரிய மையங்களின் நிலையே இது.

மறுபடி பார்ப்பது சடங்கு அல்ல. 2016இல் வெளியான கனடிய ஆய்வில், தொடர்கண்காணிப்பை முடித்த 2,584 பிள்ளைகளில் 801 பேருக்கு, அதாவது 31 சதவீதத்தினருக்கு, 28ஆம் நாளிலும் அறிகுறிகள் இருந்தன. விளையாட்டுக்குத் திரும்புவதற்கு 6 படிகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம். அடிபட்ட அன்றே யாருக்கும் அனுமதிக் கடிதம் தரமுடியாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். வாஷிங்டன் மாநிலம் 2009இல் எழுத்துமூல மருத்துவ அனுமதியைச் சட்டமாக்கியது. 2014க்குள் 50 மாநிலங்களிலும் பள்ளி விளையாட்டு மூளையதிர்ச்சிச் சட்டங்கள் வந்துவிட்டன.

இனி மொத்தக் கூட்டல். வாரத்துக்கு 2 புதிய நோயாளிகள், ஆண்டில் 50 வாரம், ஆக 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருகையில் கூடுதல் சோதனைக்கு 1,500 முதல் 2,500 நிமிடம்: 25 முதல் 41.7 மணி. அனைவருக்கும் 30 நிமிட இரண்டாம் வருகை: 50 மணி. கனடிய விகிதப்படி 31 பேருக்கு மூன்றாம் வருகை: 15.5 மணி. மொத்தம் 90.5 முதல் 107.2 மணி. வாரத்துக்கு 1.8 முதல் 2.1 மணி.

வாரம் 2 நோயாளிகள் என்பதும் 30 நிமிடம் என்பதும் அனுமானங்கள். குழந்தைகளின் 31 சதவீதம் பெரியவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம். ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கை எப்படி மாறினாலும் இந்த விகிதம் மாறாது: மொத்த நேரத்தில் 61 முதல் 72 சதவீதம் முதல் நாளுக்குப் பிறகே செலவாகிறது. நோயாளிகள் பாதிக்கு மேல் நழுவிப்போவதும் அங்கேதான். ஆகவே திட்டம் தொடங்கும் கிளினிக் கருவி வாங்கும் முன், முதல் வருகை முடிந்து நோயாளி வெளியேறுவதற்குள் இரண்டாம் வருகையின் தேதியைக் குறித்துக் கொடுக்க வேண்டும். வராதவரைத் தொலைபேசியில் அழைக்க ஒருவரை நியமிக்க வேண்டும். ஆண்டு முடிவில் எண்ண வேண்டியது எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அல்ல; நூற்றில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதை. அந்த எண் பெரிய மையங்களின் 44ஐத் தாண்டாவிட்டால் திட்டம் இன்னும் தொடங்கவில்லை என்றே பொருள்.