ஏரியில் அகப்படும் கல்லுருவங்கள்: முட்டையா, ஓடா?

கோடையில் நீர் வற்றிய ஏரியில் வண்டல் எடுப்பது நம் கிராமங்களில் தொன்றுதொட்டு நடந்துவரும் வேலையாகும். அதனால் வயலுக்கு உரம் கிடைக்கிறது, ஏரியும் ஆழமாகிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இவ்வேலை செய்வோருக்குச் சில சமயங்களில் சங்கு போன்றும், சிப்பி போன்றும், பெரிய உருண்டை போன்றும் கற்கள் அகப்படுவதுண்டு. அவற்றை இனம் அறியும் வகையையும், அகப்பட்டால் செய்யவேண்டியதையும் கிராமவாசிகள் தெரிந்துகொள்வது நலம்.

2020-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் கிராம ஏரியில் மண் எடுத்தபோது உருண்டைக் கற்கள் பல வெளிப்பட்டன. அவை டைனோசர் என்னும் பழங்காலப் பெரும் பிராணியின் முட்டைகள் என்று எங்கும் வதந்தி பரவிற்று. பரிசோதித்த பூகர்ப்ப சாஸ்திர வல்லுநர்களோ, அவை முட்டைகள் அல்லவென்றும், அம்மோனைட்டு என்னும் கடற்பிராணியின் ஓட்டைச் சார்ந்து மண் இறுகி உண்டானவை என்றும் தெரிவித்தனர்.

கடற்பிராணி குன்னத்துக்கு எங்ஙனம் வந்தது? பல கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பிரதேசத்தைச் சமுத்திரம் மூடியிருந்தது. அதன் அடியில் படிந்த சேறும் சுண்ணாம்பும் இறுகி, இன்று நம் காலடியில் பாறைகளாக உள்ளன. இப்பாறைகளைப் பற்றிப் பிளான்போர்டு என்பவர் 1862-லேயே விரிவாக எழுதி வெளியிட்டார். சிமெண்டு ஆலைகளுக்கு வெட்டப்படும் அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லும் அக்கடல் தந்ததே.

அம்மோனைட்டு நத்தை போல் தோன்றினும் கணவாய் இனத்துக்கு உறவானது. அதன் ஓட்டினுள் வரிசையாக அறைகள் உண்டு. பிராணி கடைசி அறையில் வசிக்கும். மற்ற அறைகள் நீரில் மிதக்க உதவும். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வினம் அற்றுப்போயிற்று. நாம் பூஜிக்கும் சாளக்கிராமத்தில் காணும் சக்கரம், நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் அம்மோனைட்டின் சுருளே.

இனி, இனம் அறியும் வகை:

1. கல்லை நீரில் நனைத்து, மெல்லிய தூரிகையால் மண்ணை நீக்கவேண்டும். நடுவில் ஒரு குழியும், அதைச் சுற்றி ஒரே தளத்தில் சுருளும், குறுக்கே விலா எலும்பு போன்ற வரிகளும் காணப்பட்டால் அது அம்மோனைட்டாகும்.

2. முன்பே உடைந்து கிடக்கும் துண்டில் உள் அறைகளோ, இலை விளிம்பு போல் நெளிந்த கோடுகளோ தெரிந்தால் ஐயமில்லை.

3. முட்டையாயின் கல்லின் மேற்புறத்தில் மெல்லிய ஓடு தனிப் படலமாக ஒட்டியிருக்கும். அதில் நுண்ணிய துவாரங்களும் இருக்கும். உருண்டை வடிவம் மட்டும் முட்டைக்குச் சான்றாகாது.

4. உடைந்த இடத்தில் வெங்காயம் போல் அடுக்கடுக்காக மண்ணே தெரியுமாயின், அது வெறும் மண் இறுகிய உருண்டையாகவும் இருக்கலாம்.

5. துப்பாக்கிக் குண்டு போல் நீண்டு முனை கூர்ந்த கல், கணவாய் இனத்தைச் சேர்ந்த வேறொரு பிராணியின் உட்பகுதி. ஐந்திதழ்ப் பூ பொறித்தாற்போன்ற கல் கடல் முள்ளெலியின் ஓடு. மரத்தின் ரேகை தெரியும் கல், சாத்தனூரில் 1940-இல் கண்டறியப்பட்ட கல்மரம் போன்றது.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்துப் பாட்லியா கிராமத்தார் உருண்டைக் கற்களைக் குலதெய்வமாக வணங்கி வந்தனர். அவை டைனோசர் முட்டைகளே என்று நிபுணர் கூறியதாக 2023-இல் செய்தி வெளிவந்தது. ஓரிடத்தில் முட்டை என்றது ஓடாயிற்று; வேறோரிடத்தில் தெய்வம் என்றது முட்டையாயிற்று. ஆகவே பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புக் கூறலாகாது.

கல் அகப்பட்டவுடன் அதை உடைத்துப் பார்ப்பதும், வீட்டுக்கு எடுத்துச் செல்வதும், விலைக்குக் கொடுப்பதும் பெருந் தவறு. அக்கல்லின் மதிப்பு அது கிடந்த இடத்திலேயே பெரிதும் அடங்கியுள்ளது. எந்த ஆழத்தில், எந்த மண் அடுக்கில், எவற்றின் பக்கத்தில் இருந்தது என்பது தெரிந்தால்தான் வல்லுநர் அதன் காலத்தைக் கணிக்க முடியும். இடம் மறந்த கல் தேதியில்லாத பத்திரத்துக்கு ஒப்பாகும்.

ஆதலால் அவ்விடத்தில் மட்டும் மண்வெட்டியை நிறுத்துக. மற்ற இடத்தில் வேலை நடக்கட்டும். கல்லின் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் புகைப்படம் எடுக்க. ஏரியின் பெயர், தேதி, கரையிலிருந்து தூரம், தோண்டிய ஆழம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக் கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிவிக்க. அவர் மூலமாகச் செய்தி வல்லுநரை அடையும். சங்கக் கணக்கில் ஒவ்வொரு காசுக்கும் வரவும் தேதியும் எழுதும் கிராமத்தார்க்கு இச்சிறு குறிப்பு எழுதுவது கடினமன்று.

வண்டல் இவ்வாண்டு எடுத்தால் பின்னும் படியும். உடைத்தெறிந்த கல்லுருவமோ மீண்டும் உண்டாகாது.